அண்ணாந்து பார்க்கிற மேடம்

இரண்டு வருடத்தில் அந்த மேடம் எங்கள் கடைக்கு முப்பது தடவையாவது வந்திருப்பார். ஒரு தடவைகூட என் முகத்தைப் பார்த்து வணக்கம் சொன்னதில்லை. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார், அண்ணாந்து பார்ப்பார், "வணக்கம் சார்" என்பார். அது எனக்குச் சொன்னதா, என் தலைக்கு மேலே இருக்கிற லைட்டுக்குச் சொன்னதா என்று தெரியாமல் நானும் கும்பிட்டு வைப்பேன். லைட் திருப்பிக் கும்பிடாததால் வணக்கம் எனக்குத்தான் என்று வைத்துக்கொள்வேன்.

அவர் தொழில் லைட் பார்ப்பது. லைட் விற்பது என்று சொல்லிவிடக் கூடாது, சொன்னால் கோபம் வரும். கடை, கம்பெனி, கல்யாண மண்டபம், அரிசி ஆலை என்று நாலு பேர் நின்று வேலை செய்கிற இடங்களுக்குப் போய், சீலிங்கில் எங்கே எந்த மாதிரி லைட் மாட்ட வேண்டும் என்று எழுதிக் கொடுப்பார். இதற்கெல்லாமா ஒரு ஆள் என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதைத்தான் கேட்டேன். கேட்டதோடு நிறுத்தியிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியமே வந்திருக்காது.

ஐம்பது வயது இருக்கும். வீடு ஸ்ரீரங்கத்தில். பருத்திப் புடவை கட்டி, அதற்குக் கீழே ஓட்டப்பந்தயத்துக்குப் போகிற மாதிரி ஷூ போட்டிருப்பார். கேட்டால், ஏணி ஏறுவதற்காம். தோளில் ஒரு பை, அதற்குள் வெளிச்சத்தை அளக்கிற, சோப்பு டப்பா அளவிலான ஒரு கருவி. ஸ்கூட்டரில்தான் வருவார். ஸ்கூட்டர் ஓட்டும்போதாவது ரோட்டைப் பார்ப்பார் என்று நம்பி, காவிரிப் பாலத்தில் எதிரே வருகிறவர்கள் தைரியமாக வந்துகொண்டிருந்தார்கள்.

எந்நேரமும் அண்ணாந்து பார்த்து அவருக்குக் கழுத்து வலி வந்துவிட்டது. டாக்டரிடம் போனார். "கொஞ்ச நாளைக்கு மேல பாக்காதீங்கம்மா" என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இவர் மேலே பார்த்தபடியே, "அது சரிங்க டாக்டர். நீங்க பேஷன்ட்டோட நாக்க இந்த லைட்லதான் பாக்குறீங்களா? மஞ்சக் காமாலை வந்தவன் வந்தா உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாராம். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அடுத்த வாரமே லைட்டையும் மாற்றிக்கொண்டார். இதை மேடமே வந்து எங்களிடம் சொன்னார், சொல்லும்போது எங்கள் சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடை என்னுடையது இல்லை. என் அக்கா வீட்டுக்காரருடையது. திருச்சி பெரிய கடைவீதிக்குப் பக்கத்தில் இரண்டு மாடி ஜவுளிக்கடை. நான் மேனேஜர். ஊழியர்கள் வாயில் சின்ன முதலாளி. மாமா வாயில், அவருக்குப் பிடித்ததைச் செய்த அன்றைக்கு மாப்ளே, மற்ற நாட்களில் "இவன்". கடையைப் புதுப்பிப்பது என்று முடிவானதும் லைட் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மாமா ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "பளிச்சுன்னு இருக்கணும் மாப்ளே. உள்ள வர்றவனுக்குக் கண்ணு கூசணும்." அதை நான் குறைவில்லாமல் நிறைவேற்றினேன் என்பதை இன்றும் அடக்கத்தோடு சொல்லிக்கொள்வேன்.

யாரோ சொல்லித்தான் மேடம் வந்தார். வந்தவுடன் கேட்டது, "கையக் காட்டுங்க சார்." எனக்குக் கல்யாணம் தள்ளிப் போய்க்கொண்டிருந்த சமயம். ரேகை பார்த்து நல்லதாக நாலு வார்த்தை சொல்வார் என்ற நப்பாசையில் கையை நீட்டினேன். அவர் என் உள்ளங்கையை எங்கள் பழைய டியூப்லைட்டுக்குக் கீழே கொண்டுபோய் இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "பரவால்ல, ரத்தம் ஓடுது" என்று கையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

எந்த லைட்டுக்குக் கீழே போனாலும் அவர் செய்கிற முதல் சோதனை அதுதான். உள்ளங்கை ரோஸ் நிறமாக, உயிரோடு தெரிந்தால் லைட் நல்ல லைட். சாம்பல் பூத்த மாதிரி தெரிந்தால் அது பொணத்துக்குப் போடுகிற லைட். கருவியில் அளப்பதெல்லாம் அப்புறம்தான். "மனுஷன் கைய உள்ளபடி காட்டாத லைட்டு வேற எதைக் காட்டப் போகுது?" என்பார்.

அடுத்து நேராக மாடிக்கு, பட்டுப் பிரிவுக்குப் போனார். அங்கே சுப்பிரமணி அண்ணன் இருந்தார். இருபத்திரண்டு வருடமாக அதே வெள்ளை விரிப்பு மெத்தையில் உட்கார்ந்து பட்டுப்புடவை விரித்துக் காட்டுகிறவர். மேடம் அவரை எழுப்பிவிட்டு அவர் இடத்தில் தான் உட்கார்ந்துகொண்டார். அரை நாள் உட்கார்ந்திருந்தார். புடவையை விரித்தார், மடித்தார், வருகிறவர்களிடம் வியாபாரமே பேசினார். நான் போலீசுக்குச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, உங்களுக்குச் சாயங்காலமானா தலை வலிக்குமா?"

"வலிக்கும்மா. வயசாயிடுச்சுல்ல."

"வயசு சாயங்காலம் மட்டும்தான் ஆகுமா? நிமிந்து கஸ்டமர் முகத்தப் பாக்கும்போதெல்லாம் அந்த டியூப்லைட்டு நேரா உங்க கண்ணுல அடிக்குது. இத்தன வருஷமா யாரும் பாக்கலையா?"

சுப்பிரமணி அண்ணன் அண்ணாந்து பார்த்தார். இருபத்திரண்டு வருடத்தில் அன்றைக்குத்தான் தனக்கு மேலே ஒரு லைட் இருப்பதை அவர் பார்த்த மாதிரி இருந்தது. அன்றிலிருந்து மேடம் எப்போது வந்தாலும் அவருக்கு நாற்காலி எடுத்துப் போடுவது சுப்பிரமணி அண்ணன்தான். நானெல்லாம் எடுத்துப் போட மாட்டேன்.

அன்றைக்கு மேடம் இன்னொன்றையும் கவனித்தார். எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. எல்லா ஊர் ஜவுளிக்கடையிலும் இருப்பதுதான். புடவையை எடுத்தவர்கள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு கடை வாசலுக்குப் போவார்கள். தெரு வெளிச்சத்தில் விரித்து நிறம் பார்ப்பார்கள். கூட வந்த சித்தி ஒருத்தி "இது அரக்கு இல்லடி, மாதுளம்பழத்துல சேர்த்தி" என்று ஏதாவது தீர்ப்பு சொல்வாள். அப்புறம்தான் பில்.

"எதுக்குண்ணே எல்லாரும் வாசலுக்குப் போறாங்க?"

"கலர் பாக்கத்தாம்மா. வெளிச்சத்துல பாத்தாத்தான் மனசு ஒப்பும்."

"அப்ப உள்ள இருக்கிறதுக்குப் பேரு என்ன?"

சுப்பிரமணி அண்ணன் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அது என் இலாகா.

நாலு நாள் கழித்து பதினோரு பக்கத்துக்கு எழுதிக்கொண்டு வந்தார். பட்டுக்கு மேலே ஒரு மாதிரி லைட், மாடிப்படிக்கு ஒரு மாதிரி, முகம் பார்க்கிற கண்ணாடிக்கு முன்னால் ஒரு மாதிரி, பில் போடுகிற இடத்துக்கு ஒன்று, குடோனுக்கு ஒன்று. எது எவ்வளவு உயரத்தில் தொங்க வேண்டும், யார் கண்ணுக்கு நேராக வரக் கூடாது என்று படம் வேறு போட்டிருந்தார். படத்தில் சின்னதாக ஒரு மனிதன் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். சுப்பிரமணி அண்ணனாம்.

"எல்லாம் ஒரே மாதிரி போட்டுட்டா அழகா இருக்குமே மேடம்?"

"நீங்க ஒரே மாதிரி சேலைதான் விக்கிறீங்களா சார்?"

அந்தப் பதிலுக்கு அப்புறம் அந்தப் பதினோரு பக்கம் என் மேஜையில் டீ கிளாஸ் வைக்கிற இடமாக மாறியது. என்னோடு படித்தவன் ஒருத்தன் எலெக்ட்ரிக்கல் கடை வைத்திருந்தான். அவனிடமிருந்து சதுரமான எல்இடி பேனல் லைட் மொத்தமாக வாங்கினேன். வழவழவென்று ஃபால்ஸ் சீலிங் அடித்து, கடை முழுக்க ஒரே மாதிரி, நீலம் போட்டு அலசின வெள்ளை வேட்டி மாதிரி வெளிச்சம். நிறத்தை எவ்வளவு உள்ளபடி காட்டும் என்று பெட்டியில் ஒரு எண் போட்டிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள் என்று மேடம் அடிக்கோடு போட்டு எழுதியிருந்தார். நான் பெட்டியில் பார்த்தது படம் மட்டும்தான்.

அதோடு நான் நிற்கவில்லை. ஏசி போட்ட பிறகு சும்மா சும்மா கதவைத் திறந்து வாசலுக்குப் போய் வந்தால் குளிர் நிற்குமா? தெருவில் புடவையை விரித்துப் பிடிப்பது ஒரு பெரிய கடைக்கு லட்சணமா? 'புடவைகளை மாடியை விட்டுக் கீழே எடுத்துச் செல்ல அனுமதி இல்லை' என்று பித்தளை நிறத்தில் ஒரு பலகை எழுதிப் படியில் மாட்டினேன். வாசகம் என்னுடையது. மாமா அன்றைக்கு என்னை இரண்டு தடவை மாப்ளே என்றார்.

இந்த நேரத்தில்தான் துவாக்குடியில் லேத் பட்டறை வைத்திருக்கும் என் நண்பன் வந்து ஒரு கதை சொன்னான். இதே மேடம் அவன் பட்டறைக்கும் போயிருக்கிறார். உயரமான கூரை, மேலே புதிதாக மாட்டின மலிவு எல்இடி, பத்து மெஷின் ஓடுகிற இரைச்சல். மேடம் தள்ளி நின்று, மூலையில் இருந்த லேத்தைக் காட்டி, "அது ஓடுதா, நிக்குதா?" என்று கேட்டார். "நிக்குது மேடம்" என்று நண்பன் சொன்னான். மேடம் ஒரு காகிதத்தைக் கசக்கி, தூரத்திலிருந்தே அதன் மேல் எறிந்தார். காகிதம் பட்ட வேகத்தில் தெறித்துச் சுவரில் போய் அடித்தது. லேத் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த லைட் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகிறதாம். அதனால் சுற்றுகிற இரும்பு நிற்கிற மாதிரி தெரிகிறதாம்.

"அங்க நிக்கிற ஆளோட கைய ஒரு தடவ பாத்துக்குங்க சார். அடுத்த தடவ பாக்கும்போது விரல் எல்லாம் இருக்கணும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாராம். நண்பன் அன்று மத்தியானமே லைட்டைக் கழற்றிவிட்டான். "உன் கடைக்கும் வந்தாங்களாமே, என்ன சொன்னாங்க?" என்று கேட்டான். "எங்க கடையில லேத் இல்லடா" என்றேன். நல்ல பதில் சொல்லிவிட்டதாக அன்றைக்கு ரொம்ப நேரம் சந்தோஷமாக இருந்தேன்.

புதுக்கடையைத் திறந்த அன்று மேடம் வந்தார். கூப்பிட்டிருந்தோம். பன்னீர் தெளித்தோம், கல்கண்டு கொடுத்தோம். அவர் மாடிக்குப் போய்ப் பட்டுப் பிரிவின் நடுவில் நின்று தன் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தார். அப்புறம் கையிலிருந்த கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, "சார், உங்க கடையில எல்லாரும் செத்துப் போயிருக்காங்க" என்றார். மாமாவுக்கு மங்கள நாளில் இப்படி ஒரு வார்த்தை. அவரைக் கூப்பிட்டது யார் என்று கேட்டார். நான் 'இவன்' ஆனேன்.

அப்படியும் அவர் வருவதை நிறுத்தவில்லை. ஜாக்கெட் துணி வாங்க வருவார். கையில் துணியோடு வாசலுக்குப் போகப் பார்ப்பார், வாட்ச்மேன் தடுப்பார், பலகையைக் காட்டுவார். "இத எழுதுன ஆளு துணிய இருட்டுலதான் எடுப்பாரா?" என்று சத்தமாகக் கேட்பார். எழுதின ஆள் பக்கத்தில்தான் நிற்பேன். அவர்தான் முகத்தைப் பார்க்க மாட்டாரே, அது வசதியாக இருந்தது.

ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாணத்தில் அவர் பக்கத்து இலை எனக்கு வாய்த்தது. "இந்த லைட்டுல ரசமும் பாயசமும் ஒரே கலரா இருக்கு பாருங்க" என்று சொல்லிக்கொண்டே மேலே பார்த்துச் சாப்பிட்டார். அப்படியும் ஒரு பருக்கை கீழே சிந்தவில்லை. ஊரில் எல்லா லைட்டையும் குறை சொல்கிறீர்களே, உங்களுக்குப் பிடித்த வெளிச்சம் எதுவாவது உண்டா என்று கேட்டேன். "சன்னதியில எரியுற எண்ணெய் விளக்கு" என்றார். "கூட்டத்துல தள்ளிவிடுறதுக்குள்ள கைய நீட்டிப் பாத்துட்டேன். கை கையா இருந்துச்சு. எங்கிட்ட இதுவரைக்கும் ஆலோசனை கேக்காதவர் பெருமாள் மட்டும்தான்." மனிதர்கள் பெருமாளைப் பார்க்கப் போவார்கள். இவர் அங்கேயும் போய்த் தன் கையைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

இனி துறையூரிலிருந்து ஒரு கல்யாண வீட்டார் வந்த நாளைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லும்போது எனக்குக் கிண்டல் வராது. வந்தாலும் அது என் மேல்தான் விழும்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு காலையில் வந்தார்கள். பெண்ணின் அம்மா, தாய்மாமன், பின்னால் கல்யாணப் பெண். முகூர்த்தப் புடவையை எங்களிடம்தான் எடுத்திருந்தார்கள். இருண்ட சிவப்பான அரக்கு நிறம், மயில் பார்டர். சுப்பிரமணி அண்ணன்தான் காட்டினவர். வாசலுக்குப் பக்கத்தில் இருக்கிற பில் கவுன்டரில் பெட்டியைத் திறந்து தாய்மாமன் உதறினார். மிளகாய்ப்பழச் சிவப்பு. அதே மயில் பார்டர்.

"நாங்க எடுத்தது அரக்குங்க. மாப்பிள்ள வீட்ல அரக்குதான் கேட்டாங்க. வீட்டுக்குப் போயி முத்தத்துல விரிச்சா ரத்தச் செவப்பா இருக்கு. சேலைய மாத்திப்புட்டாரு உங்காளு."

சுப்பிரமணி அண்ணனைக் கீழே வரச் சொன்னேன். அவர் புடவையைப் பார்த்தார், திரும்பத் திரும்பப் பார்த்தார். அவருக்கே புரியவில்லை.

"இல்லீங்க. இவங்க முன்னாடியேதான் மடிச்சு, பெட்டியில போட்டு, பில்லுக்குப் போற கூடையில வச்சேன். சின்ன முதலாளி, ஒரு தடவ மேல எடுத்துட்டுப் போயி இவங்களயும் வச்சுக்கிட்டே பாக்கலாம்."

"மேல கஸ்டமர் இருக்காங்கண்ணே. அங்க வந்து சத்தம் போடணுமா?" என்றேன்.

இதுதான் நான் செய்த காரியம். அவர் கேட்டது இருபது படி. அதை ஏறியிருந்தால் எல்லாமே முடிந்திருக்கும். நான் மட்டும் மேலே போய் அலமாரியைக் குடைந்தேன். அடித்தட்டில், எல்லாப் புடவைக்கும் கீழே, அதே மயில் பார்டரில் இன்னொன்று இருந்தது. கீழே கொண்டுவந்து வாசல் வெளிச்சத்தில் காட்டினேன். அசல் அரக்கு. "இதேதாங்க, இதேதான்" என்று கல்யாணப் பெண் கண் கலங்கிச் சொன்னாள். தாய்மாமன், "அடியில ஒளிச்சு வச்சிருக்காரு பாத்தீங்களா, தன் ஆளுக யாருக்கோ" என்றார். ஒளித்து வைத்தது என்ற சொல்லுக்கு நான் மறுப்பு எதுவும் சொல்லவில்லை. மாமா மன்னிப்புக் கேட்டு, அரக்கைக் கொடுத்து அனுப்பினார்.

"கொஞ்ச நாள் வீட்ல இருங்கண்ணே. சொல்லி அனுப்புறோம்" என்று சுப்பிரமணி அண்ணனிடம் சொன்னது நான்தான். அவர் மேலே போய், பாதி மடித்துவிட்டு வந்த புடவையை முழுசாக மடித்து வைத்துவிட்டுத்தான் போனார்.

கடைவீதியில் இந்த மாதிரிச் செய்திக்குக் கால் முளைக்க ஒரு மத்தியானம் போதும். சாயங்காலம் எதிர்க்கடைக்காரரே என்னிடம் வந்து, "புடவை மாத்துறாராமே உங்க சுப்பிரமணி?" என்று துக்கம் விசாரித்தார்.

பன்னிரண்டு நாள் கழித்து மேடம் வந்தார். வழக்கம்போல அண்ணாந்து பார்த்துக்கொண்டே மாடிக்குப் போனார். நாற்காலி வராததால் கீழே பார்த்தார்.

"அண்ணன் எங்க?"

சொன்னேன். நான் சொன்ன விதத்தில் கொஞ்சம் பெருமைகூட இருந்திருக்கும், ஒரு தப்பைக் கண்டுபிடித்தவன் அல்லவா. அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "திரும்பி வந்த அந்தச் செவப்புச் சேலைய எடுத்துட்டு வாங்க" என்றார். குடோனிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தேன். சுப்பிரமணி அண்ணனின் மெத்தையில் விரித்தார்.

"என்ன கலர் சார்?"

நான் பார்த்தேன். அரக்கு. சந்தேகமே இல்லாத அரக்கு. பெட்டி மாறிவிட்டதோ என்று முந்தானையைப் புரட்டி, எங்கள் விலைச்சீட்டைப் பார்த்தேன். அதே புடவைதான்.

"வாசலுக்கு எடுத்துட்டுப் போங்க."

படியில் என் பித்தளைப் பலகையைத் தாண்டித்தான் போனேன். வாசலில் மிளகாய்ப்பழச் சிவப்பு. மறுபடி மேலே ஏறினேன், அரக்கு. மறுபடி கீழே, சிவப்பு. மூன்று தடவை ஏறி இறங்கினேன். வாட்ச்மேன் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்து மாமாவைக் கூப்பிட்டுவிட்டார். அப்புறம் மாமாவும் ஒரு தடவை ஏறி இறங்கினார்.

"இந்த லைட்டுல செவப்பு ரொம்பக் கம்மி சார்" என்றார் மேடம், மேலே பார்த்தபடியே. "லைட்டுல இல்லாத நிறம் சேலையில எப்படித் தெரியும்? நல்ல செவப்பு மங்கி அரக்கா தெரியுது. அசல் அரக்கு காப்பிக்கொட்ட மாதிரி தெரியும். அத யாரு முகூர்த்தத்துக்கு எடுப்பா? ஆறு மாசமா யாரும் எடுத்திருக்க மாட்டாங்க. அதான் அடியில கெடந்துச்சு. அந்தப் பொண்ணு எடுத்தது இந்தச் சேலைதான். அண்ணன் கொடுத்ததும் இதேதான். வாசலுக்குப் போயிருந்தா அன்னைக்கே தெரிஞ்சிருக்கும்."

வாசலுக்கு ஏன் போகவில்லை என்று அவர் கேட்கவில்லை. பலகைதான் இருக்கிறதே. எனக்கு அவமானமாக இருந்தது. மாமா என்னை மாப்ளே என்றும் சொல்லவில்லை, இவன் என்றும் சொல்லவில்லை. "போயி கூட்டிட்டு வா" என்றார்.

ஸ்ரீரங்கத்தில் சுப்பிரமணி அண்ணன் வீட்டுக்குப் போனபோது மத்தியானம் மணி பன்னிரண்டு இருக்கும். கொடியிலிருந்து எடுத்த வீட்டுத் துணிகளைக் கூடத்தில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தார். அவர் மனைவியின் நூல் புடவைகளைக் கடையில் பட்டு மடிக்கிற மாதிரியே, முந்தானை மேலே தெரிய, கரை ஒட்டினாற்போல மடித்து அடுக்கியிருந்தார். பேசும்போதும் கை நிற்கவில்லை. இடையில் இரண்டு கடையில் வேலை கேட்டிருக்கிறார். இரண்டு இடத்திலும், அங்கிருந்து ஏன் நின்றுவிட்டீர்கள் என்ற கேள்வியோடு முடிந்துவிட்டதாம். அதைப் புகாராகச் சொல்லவில்லை, மழை பெய்தது என்கிற மாதிரி சொன்னார்.

நான் நடந்ததை எல்லாம் விவரமாகச் சொன்னேன். சிவப்பு, அரக்கு, மூன்று தடவை ஏறி இறங்கியது எல்லாம். "தப்பு உங்க மேல இல்லண்ணே. லைட்டு மேலதான்" என்று முடித்தேன்.

அவர் ஒரு புடவையை மடித்து முடித்து வைத்துவிட்டுக் கேட்டார். "லைட்டு சேலையத்தான தம்பி மாத்திக் காட்டுச்சு?"

சின்ன முதலாளி என்று சொல்லாமல் அவர் என்னைத் தம்பி என்றது அதுதான் முதல் தடவை. அவர் மனைவி மோர் கொண்டுவந்து வைத்தார். குடித்துவிட்டு எழுந்தேன். மறுநாள் சுப்பிரமணி அண்ணன் வேலைக்கு வந்தார். வராமல் என்ன செய்வார், வீட்டில் கல்லூரிக்குப் போகிற மகள் இருக்கிறாள்.

டீ கறையோடு இருந்த பதினோரு பக்கத்தையும் மேஜையிலிருந்து எடுத்துத் துடைத்தேன். அதில் எழுதியிருந்தபடியே மாடி முழுக்க லைட்டை மாற்றினோம். பட்டுக்கு மேலே தனி லைட், கண்ணில் அடிக்காதபடி உள்ளே பதித்தது. படத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த மனிதன் நிமிர்ந்து பார்த்தால் கண் கூசாத இடமாக அளந்து மாட்டினார்கள். அந்தப் பலகையை நானே கழற்றினேன். திருகாணி நாலும் துரு ஏறாமல் புதிதாகவே இருந்தன.

வேலை முடிந்ததும் மேடம் பார்க்க வந்தார். ஒவ்வொரு லைட்டுக்குக் கீழேயும் நின்று உள்ளங்கையை நீட்டினார். அப்புறம் என் கையை வாங்கிப் பார்த்தார். என் கை நல்ல ரோஸ் நிறத்தில், ரேகையெல்லாம் தெளிவாக, உயிரோடு இருந்தது. "இப்ப சரி" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் கேட்டதே இல்லை. எனக்குப் பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது. மன்னிப்பு, பிராயச்சித்தம் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

அப்போதுதான் சுப்பிரமணி அண்ணன் ஒரு பட்டுப்புடவையைத் தோளில் போட்டுக்கொண்டு, வாங்க வந்த அம்மா பின்னாலேயே வர, படியிறங்கி வாசலுக்குப் போனார். தெருவில் விரித்துக் காட்டினார். மறுபடி ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. அந்த அம்மா வேறொன்றைக் கேட்டார். அதையும் தூக்கிக்கொண்டு இறங்கினார். வேலைக்குத் திரும்பிய நாளிலிருந்து, வாசலுக்குப் போகாமல் அவர் ஒரு புடவைகூடக் கொடுத்ததில்லை. கேட்காதவர்களையும் கூட்டிக்கொண்டு போவார்.

அவர் திரும்பி வந்ததும் மேடம், "அண்ணே, இனிமே நீங்க படியிறங்கவே வேணாம். தெருவுல தெரியுறது இங்கயே அப்படியே தெரியும். வேணும்னா கையப் பாருங்க" என்றார்.

"தெரியுதும்மா. தலைவலிகூட இல்ல, நீங்க நல்லா இருக்கணும்" என்றார் சுப்பிரமணி அண்ணன். தோளிலிருந்த புடவையை இறக்கி மடிக்க ஆரம்பித்தார். "சேலைக்கு வேணாந்தான். இது எனக்கு. நாளைக்கு யாராச்சும் ஏதாச்சும் சொன்னா, இந்த ஆளு வாசல்ல வச்சுத்தான் காட்டுனாருன்னு ரோட்டுல போற நாலு பேராவது சொல்லுவாங்கல்ல. கடைக்குள்ள எனக்காகச் சொல்றதுக்கு ஆள் இல்லீங்களே."

மேடம் கழுத்தை மெதுவாக இறக்கினார். திரும்பி என் முகத்தைப் பார்த்தார். எங்கே எரிகிறது, எங்கே எரியவில்லை என்று லைட்டைப் பார்ப்பாரே, அதே மாதிரி, அவசரமில்லாமல் பார்த்தார்.

நான் அண்ணாந்து சீலிங்கைப் பார்த்தேன். எல்லா லைட்டும் நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தன.